கூலியைத் தின்ற நிலம்

1875 நவம்பர் கடைசியில், மினசோட்டா மாநிலத்தின் வால்நட் குரோவ் ஊரை ஒட்டிக் குடியிருந்த சார்ல்ஸ் இங்கல்ஸ் என்ற விவசாயி, பிழைக்கத் தன்னிடம் எந்த வழியும் இல்லை என்று அதிகாரிகளிடம் சத்தியம் செய்து கொடுத்தார். அப்படிச் சத்தியம் செய்தவர்களுக்குத்தான் அரசின் நிவாரண மாவு. அவருக்குக் கிடைத்தது அரைப் பீப்பாய் மாவு இரண்டு. மதிப்பு 5 டாலர் 25 சென்ட். அப்போது அவருக்கு 39 வயது. உழைப்புக்கு அஞ்சாத உடம்பு. ஓடைக்கரையில் 170 ஏக்கருக்கு மேல் நிலம் பிடித்து வைத்திருந்தார். வீட்டில் மனைவி கரோலின், மூன்று பெண் குழந்தைகள், பிறந்து ஒரு மாதமே ஆன மகன்.

அத்தனை ஏக்கர் வைத்திருந்தவர் மாவுக்காக ஏன் கையேந்த நேர்ந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் முன்னோடி விவசாயக் குடும்பங்களைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தக் கேள்வியிடமே நான் திரும்பி வருகிறேன்.

அந்த மூன்று பெண்களில் நடுப்பிள்ளை லாரா. அவர் 65 வயதில், 1932இல், லாரா இங்கல்ஸ் வைல்டர் என்ற பெயரில் தன் முதல் சிறுவர் நாவலை வெளியிட்டார். 1943க்குள் எட்டு நாவல்கள். காட்டு மரவீடு, புல்வெளி வீடு, ஓடைக்கரை வீடு என்று அந்தக் குடும்பம் போன பெரும்பாலான இடங்களின் வாழ்க்கை நாவலானது. பிறகு தொலைக்காட்சித் தொடராகி உலகம் முழுக்கப் போனது. பிடில் வாசிக்கும் அப்பா, பொறுமையின் வடிவமான அம்மா, யார் தயவும் இல்லாமல் தன் கையை மட்டும் நம்பி வாழும் குடும்பம் என்பது அந்த நாவல்கள் மனத்தில் பதிய வைத்த சித்திரம். நிவாரண மாவு அவற்றில் எங்கும் இல்லை. பிறந்த மகனும் இல்லை. ஆனால் நாவல்களுக்கு முன்பு, 1930இல், லாரா தன் நினைவுகளைப் பெரியவர்களுக்காக ஒரே மூச்சில் எழுதி வைத்திருந்தார். அன்று எந்தப் பதிப்பகமும் ஏற்காத அந்தக் கையெழுத்துப் பிரதி 2014இல்தான் விரிவான குறிப்புகளோடு நூலாயிற்று. அதையும் நிலப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கேட்டையும் நாவல்களின் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறொரு குடும்பம் எழுந்து வருகிறது. நாவல் குடும்பத்தை விட எனக்கு இந்தக் குடும்பத்தின் மேல்தான் மதிப்பு அதிகம்.

சார்ல்ஸ் 1836இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அவரைச் சிறுவனாக இருக்கும்போதே இல்லினாய்க்கும், பிறகு விஸ்கான்சினுக்கும் கூட்டிப் போனார்கள். மேற்கே போவது அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் இருந்தது. கரோலினின் கதை வேறு. அவருக்கு ஆறு வயது நிறையும் முன்பே தந்தை மிஷிகன் ஏரியில் கப்பல் மூழ்கி இறந்தார். கைம்பெண்ணான தாய் பிள்ளைகளை அரைவயிற்றோடு வளர்த்தார். கரோலின் படித்து, பதின்ம வயதிலேயே பள்ளி ஆசிரியையானார். இரு குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. கரோலினின் அண்ணன் சார்ல்ஸின் சகோதரியை மணந்தார். கரோலினின் தங்கை சார்ல்ஸின் அண்ணனை மணந்தார். 1860 பிப்ரவரியில் சார்ல்ஸ், கரோலின் திருமணம். ஒரு இடத்தில் நிலைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது கரோலினின் ஆசை. அக்கம்பக்கத்தில் புகை தெரிய ஆரம்பித்ததும் வேறு இடம் பார்க்கத் தூண்டுவது சார்ல்ஸின் மனம். இந்த இரண்டும் ஒரே வண்டியில் ஏறின.

அவர்களை வண்டி ஏற்றியது வெறும் நாடோடிக் குணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஒரு சட்டம் பின்னால் இருந்தது. 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், 21 வயது நிறைந்த குடிமக்களுக்கும் குடியுரிமை கோரியவர்களுக்கும் அரசு நிலத்தில் 160 ஏக்கரைத் தருவதாகச் சொன்னது. மணமாகாத பெண்களும் கேட்கலாம். ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து, உழுது, வீடு கட்டியதை மெய்ப்பித்தால் பட்டா. கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர் அளவில்தான். இந்தச் சட்டம் உயிரோடிருந்த காலமெல்லாம் சேர்த்து 16 லட்சம் பேர் ஏறக்குறைய 27 கோடி ஏக்கருக்குப் பட்டா பெற்றார்கள். ஐரோப்பாவில் பண்ணையார் நிலத்தில் தலைமுறைகளாக உழைத்துத் தேய்ந்தவர்களுக்கும், நியூயார்க் ஆலைகளில் கூலிக்கு நின்றவர்களுக்கும் இந்தச் செய்தி எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். இன்னொருவன் வாசலில் கூலிக்கு நிற்காமல் இருப்பதுதான் அவர்களுக்கு விடுதலை.

நிலம் இலவசம்தான். அதை விளைய வைப்பது இலவசமல்ல. புல்வெளியின் வேர்கள் காலங்காலமாகப் பின்னிப் பிணைந்து, சாதாரண ஏர் இறங்காத கெட்டித் தளமாக இருந்தன. 1837இல் ஜான் டியர் என்ற கொல்லர் செய்த எஃகுக் கலப்பையும் அதன் வழிவந்தவையும்தான் அந்தப் பிசுபிசுத்த மண்ணை ஒட்டாமல் புரட்டின. புரட்டிய புல்தளம் மக்கும்வரை நல்ல கோதுமை வராது. முதல் ஆண்டு கொஞ்சம் மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, அவ்வளவே. அதற்குள் மாடு வேண்டும், வண்டி வேண்டும், கலப்பை வேண்டும், கிணறு வேண்டும், மரமே இல்லாத சமவெளியில் வீட்டுக்குப் பலகை வேண்டும், விதை வேண்டும், முதல் அறுவடைவரை சாப்பாடு வேண்டும். இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வரும்? கூலியிலிருந்துதான். கூலியாளாக இருக்க மாட்டேன் என்று நிலம் தேடிப் போனவர், அந்த நிலத்தைக் காப்பாற்றவே கூலிக்குப் போனார். சார்ல்ஸ் இங்கல்ஸின் வாழ்க்கை முழுவதும் இந்தச் சுழலுக்குள்தான் சுற்றியது.

கன்சாஸில் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புகழ்பெற்ற புல்வெளி நாவலின் களம் அது. விஸ்கான்சினில் தங்களுக்கிருந்த நிலத்தைத் தவணைக்கு விற்றுவிட்டு, மிசூரி வழியாக 1869இல் குடும்பம் இன்டிபென்டன்ஸ் என்ற ஊருக்குச் சில மைல் தொலைவில் போய் இறங்கியது. அங்கே சார்ல்ஸ் எந்தச் சட்டத்தின் கீழும் நிலம் கோர முடியாது. அது ஓசேஜ் பூர்வகுடி மக்களுக்கென்று ஒப்பந்தத்தால் ஒதுக்கப்பட்ட நிலம். 1870 ஆகஸ்டில் கணக்கெடுக்க வந்த அலுவலர், அந்தப் பகுதி நிலம் ஓசேஜ்களுடையது, குடியேறியவர்களுக்கு உரிமை இல்லை என்ற பொருள்பட ஏட்டில் குறித்து வைத்தார். அதே மாதம் 3ஆம் தேதி அங்கே கட்டிய மரவீட்டில் மூன்றாவது மகள் கேரி பிறந்தாள்.

ஓசேஜ்கள் ஆற்றோர ஊர்களில் மக்காச்சோளமும் பூசணியும் பயிரிட்டு, ஆண்டுக்கு இருமுறை மேற்கே காட்டெருமை வேட்டைக்குப் போய்த் திரும்பும் மக்கள். நிலத்தைக் கொண்டு தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள். அவர்கள் வேட்டைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வெள்ளையர்கள் அவர்கள் வயல்களில் புகுந்தார்கள், ஊர்களைப் பறித்தார்கள், குதிரைகளைத் திருடினார்கள். ஓசேஜ்களின் அரசுப் பொறுப்பாளர் வாஷிங்டனுக்கு அனுப்பிய அறிக்கைகளிலேயே இந்தப் புகார்கள் இருக்கின்றன. நாவலில் இரண்டு ஓசேஜ் ஆண்கள் வீட்டுக்குள் நுழைந்து உணவு கேட்கும் காட்சிகள் உண்டு, அம்மா நடுங்குகிறார். எனக்கோ அவர்கள் வாடகை கேட்க வந்தவர்களாகத்தான் தெரிகிறார்கள். அவர்கள் மண், அவர்கள் ஆற்றோர மரம், அவர்கள் தண்ணீர். லாராவுக்கு அப்போது மூன்று வயது. பெற்றோர் சொல்லக் கேட்டுத்தான் பின்னாளில் எழுதியிருக்க முடியும். பயத்தையும் சேர்த்தே கேட்டிருப்பார்.

அந்த ஆண்டு குடும்பமே மலேரியாவில் படுத்தது. வந்து பார்த்து மருந்து கொடுத்துக் காப்பாற்றியவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். இங்கல்ஸ் குடும்பத்தின் அண்டை வீட்டுக்காரர். அவர் உண்மையில் வாழ்ந்தவர். இன்டிபென்டன்ஸில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தனியே நின்று வென்ற குடும்பம் என்ற சித்திரம் அவர் கதவைத் தட்டும் இடத்திலேயே உடைகிறது.

நாவலில் இங்கல்ஸ் குடும்பம் கன்சாஸை விட்டுப் போவதற்குக் காரணம், ராணுவம் வந்து வெளியேற்றப் போகிறது என்ற செய்தி. நடந்தது அதுவல்ல. 1870 ஜூலையில் நாடாளுமன்றம் ஓசேஜ்களின் கன்சாஸ் நிலத்தை விற்கச் சட்டம் இயற்றியது. செப்டம்பரில் ஓசேஜ் தலைவர்கள் வேறு வழியின்றி இசைந்தார்கள். நுழைந்து உட்கார்ந்தவர்கள் ஏக்கர் ஒன்றே கால் டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. 160 ஏக்கருக்கு 200 டாலர். அதே சமயம் விஸ்கான்சின் நிலத்தை வாங்கியவர் தவணை கட்ட முடியாமல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு வந்தார். 1871இல் சார்ல்ஸ் வண்டியைத் திருப்பினார். ஓசேஜ்கள் தெற்கே போனார்கள். தங்கள் சொந்த நிலத்தை விற்ற பணத்திலிருந்தே செரோக்கி மக்களிடம் நிலம் வாங்கி, இன்றைய ஓக்லஹோமாவில் குடியேறினார்கள். ஒரு மக்களை வேரோடு கிளப்பிய அந்த மண் இங்கல்ஸ் குடும்பத்துக்கு ஒரு பட்டாவைக்கூடத் தரவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அநியாயத்தில் பங்கேற்றவர்களுக்கு அதன் ஆதாயம் கிடைக்கவில்லை என்பதால் அநியாயம் குறைந்துவிடாது. ஆதாயம் ரயில் கம்பெனிகளுக்கும் நிலத் தரகர்களுக்கும் வங்கிகளுக்கும் போயிற்று.

விஸ்கான்சினுக்குத் திரும்பி, நிலத்தை மறுபடி நல்ல விலைக்கு விற்று, 1874இல் மினசோட்டாவின் பிளம் கிரீக் ஓடைக்கரைக்கு வந்தார்கள். முதலில் குடியிருந்தது கரையைக் குடைந்து செய்த வீட்டில், புல்தளம்தான் கூரை. 1873லேயே அந்த வட்டாரத்தில் வெட்டுக்கிளி இறங்கியிருந்தது. ராக்கி மலைத்தொடரின் பள்ளத்தாக்குகளில் பெருகி, காற்றோடு கிழக்கே வரும் இனம் அது. 1875இல் நெப்ராஸ்காவில் ஆல்பர்ட் சைல்ட் என்பவர், தந்தி மூலம் பல ஊர்களின் தகவல்களைச் சேர்த்து, தலைக்கு மேல் பறந்த ஒரு கூட்டத்தின் அளவைக் கணக்கிட்டார்: நீளம் 1,800 மைல், அகலம் 110 மைல். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் சதுர மைல் பரப்பு. வானத்தில் ஒரு நாடு பறந்து போனது என்றே சொல்லலாம்.

இறங்கிய இடத்தில் கோதுமை மட்டுமா போயிற்று? காய்கறித் தோட்டம், புல், மரப்பட்டை, வியர்வை உப்பு ஏறிய கருவிப் பிடிகள், காயப்போட்ட துணி. போகும்போது மண்ணுக்குள் முட்டையிட்டுப் போகும். அடுத்த வசந்தத்தில் மண்ணே ஊர்ந்து எழும். தார் பூசிய தகட்டைக் குதிரையில் கட்டி வயல் முழுக்க இழுத்தார்கள். அதில் ஒட்டியதைக் கொளுத்தினார்கள். சார்ல்ஸ் வரப்போகும் கோதுமையை நம்பிக் கடனுக்குப் பலகை வாங்கி வீடு கட்டியிருந்தார். கோதுமை போனதும், வண்டிச் சத்தத்துக்குக் காசில்லாமல், வெட்டுக்கிளி இறங்காத கிழக்கு மினசோட்டாவுக்கு நடந்தே போய் அறுவடைக் கூலிக்கு நின்றார். கூலி கரோலினுக்குத் தபாலில் வந்தது.

1875 கடைசியில்தான் அந்த நிவாரண மாவு. அடுத்து ஆளுநராக வந்த ஜான் பில்ஸ்பரி மாவு மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். கையில் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற கருத்துடையவர் அவர். 1877 ஏப்ரல் 26ஐ மாநிலம் முழுவதற்கும் பிரார்த்தனை நாளாக அறிவித்தார். வெட்டுக்கிளியும் அந்த ஆண்டோடு நீங்கியது. பட்டினி கிடப்பவரிடம் தன்னம்பிக்கை பேசும் வழக்கம் இன்றைய கண்டுபிடிப்பல்ல என்பதைக் காட்ட இந்த ஓர் ஆளுநர் போதும். பிரார்த்தனையை விடப் பெரிய ஒன்று மலைப்பள்ளத்தாக்குகளில் நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் குடியேறிகள் உழ ஆரம்பித்திருந்தார்கள். வெட்டுக்கிளி நிலையாக முட்டையிட்டுப் பெருகிய ஆற்றோர மண்ணை அவர்கள் கலப்பை புரட்டியதாலேயே அந்த இனம் அழிந்திருக்க வேண்டும் என்று பூச்சியியலாளர் ஜெஃப்ரி லாக்வுட் விளக்குகிறார். உயிரோடு கடைசியாகப் பிடிக்கப்பட்டது 1902இல். தங்களைத் தின்ற பூச்சியை ஒழித்தது தங்கள் ஏர்தான் என்று அந்தத் தலைமுறையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

1876 கோடையில் சார்ல்ஸ் நிலத்தை விற்றார். அயோவாவின் பர் ஓக் ஊரில் ஒரு விடுதியை நடத்தும் வேலை காத்திருந்தது. போகிற வழியில், உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஆகஸ்ட் 27 அன்று குழந்தை ஃப்ரெடி இறந்தான். ஒன்பது மாதம். அவனை மண்ணில் வைத்துவிட்டு வண்டி நகர்ந்தது.

பர் ஓக் வாழ்க்கையை லாரா நாவல்களில் முழுக்க விட்டுவிட்டார். நினைவுக் குறிப்பில் மட்டும் அது இருக்கிறது: விடுதியில் சமைத்துக்கொண்டேயிருக்கும் அம்மா, சாப்பாட்டு மேசைகளுக்குப் பரிமாறிப் பாத்திரம் கழுவும் பதினொரு வயது மூத்த மகள் மேரி, ஒன்பது வயது லாரா, அடுத்த கட்டிடத்தில் குடிகாரர் சத்தம். ஊரின் வசதியான மருத்துவரின் மனைவி லாராவைத் தத்துக் கேட்டார். கரோலின் மென்மையாக மறுத்தார். அந்தப் பெண்மணி கேட்டபோது கரோலினின் மனத்தில் ஒரு கணமாவது என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு பிள்ளையை அப்போதுதான் பறிகொடுத்தவர். இன்னொரு பிள்ளை வயிற்றில் அல்லது கையில். 1877 மே மாதம் அங்கே கிரேஸ் பிறந்தாள். அந்த ஆண்டிலேயே வாடகை பாக்கியை அடைக்க முடியாமல் ஒரு நாள் நள்ளிரவில் வண்டி கட்டி ஊரை விட்டுக் கிளம்பினார்கள். இதை எழுதாமல் விட்டதற்காக லாராவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்ற நினைத்த மகள் அவர். ஆனால் விட்டதனால் நாவல் குடும்பத்துக்குக் கடன் பெரிய சுமையாக இல்லாதது போன்ற தோற்றம் வந்துவிட்டது. கடனில்லாத முன்னோடிக் குடும்பம் என்று ஒன்று இருந்திருந்தால் அது மிக அரிது.

வால்நட் குரோவுக்கே திரும்பி வந்தார்கள். இம்முறை ஊருக்குள். சார்ல்ஸ் தச்சுவேலை பார்த்தார், கசாப்புக்கடை வைத்தார். 1879இல் மேரிக்குக் கடும் காய்ச்சல், பார்வை போயிற்று. நாவல் அதைச் செங்காய்ச்சல் என்கிறது; 2013இல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரை, வைரஸால் வந்த மூளை, மூளையுறை அழற்சியாகவே இருக்கும் என்று முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு சார்ல்ஸின் தங்கை வந்து, தன் கணவர் ஒப்பந்தம் எடுத்திருந்த ரயில் பாதை வேலையில் கணக்கு எழுத ஆள் தேவை என்றார். மாதச் சம்பளம். சார்ல்ஸ் டகோட்டாவுக்குப் போனார். 1880 பிப்ரவரியில் டி ஸ்மெட் ஊருக்குப் பக்கத்தில் ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் நிலத்துக்கு மனுப் போட்டார். கடைசி வண்டிப் பயணம் அது என்று கரோலின் உறுதியாக இருந்தார். பெண்கள் படிக்க வேண்டும், இனி நகர மாட்டேன் என்றார். அவர் சொன்னபடியே நடந்தது.

1880 அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் அடுத்த வசந்தம்வரை ஓயவில்லை. ஜனவரியில் ரயில் நின்றது. மே மாதம்தான் திரும்பி ஓடியது. நிலக்கரி தீர்ந்ததும் காய்ந்த புல்லை முறுக்கி முறுக்கி அடுப்பில் போட்டார்கள். மாவு தீர்ந்ததும் விதைக் கோதுமையைக் காப்பி அரைக்கும் கையரவையில் இட்டு நாள் முழுக்க மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். பின்னாளில் லாராவின் கணவரான அல்மான்சோ வைல்டரும் ஒரு நண்பரும் பனியில் சறுக்குவண்டி ஓட்டிப் போய், மைல்கள் தள்ளியிருந்த ஒரு விவசாயியிடம் கோதுமை வாங்கி வந்து ஊரைக் காப்பாற்றினார்கள். அந்தக் குளிர்காலத்தை இங்கல்ஸ் குடும்பம் ஊருக்குள் சார்ல்ஸ் கட்டியிருந்த கட்டிடத்தில்தான் கழித்தது. தங்கள் நிலத்தில் இருந்த பலகைக் கொட்டகையில் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார்கள்.

இனி வீட்டுப் பெண்களின் கணக்கு. முன்னோடி விவசாயி என்றதும் ஏரும் ஆணும்தான் கண்ணில் நிற்கிறார்கள். ஆனால் கடைக்காரர் பாக்கி அடைபட்டது பெரும்பாலும் வெண்ணெயிலும் முட்டையிலும் தையலிலும். டி ஸ்மெட்டில் முதல் வசந்தத்தில் நிலம் தேடி வந்த அந்நியர்கள் இங்கல்ஸ் வீட்டில் வந்து குவிந்தபோது, கரோலின் காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்குச் சமைத்துப் போட்டார், படுக்க இடம் கொடுத்தார். லாரா ஊரில் சட்டை தைக்கக் கூலிக்குப் போனார். 17 வயது நிறையும் முன்பே, வெறும் பலகைக் கொட்டகையில் நடந்த பள்ளியில் இரண்டு மாதம் ஆசிரியையாக இருந்தார். மாதம் 20 டாலர். 1881இல் மேரி அயோவாவின் வின்டன் நகரில் இருந்த பார்வையற்றோர் கல்லூரிக்குப் போனார். படிப்புச் செலவை டகோட்டா பிரதேச அரசு ஏற்றது. உடைக்கும் பயணத்துக்கும் தங்கை சம்பாதித்தாள். படிப்பு முடித்து வந்த மேரி குதிரைகளுக்கான ஈ வலைகளைப் பின்னி விற்றார். கண் தெரியாத அந்தப் பெண் உள்பட அந்த வீட்டில் சம்பாதிக்காத பெண் இல்லை.

1886இல் சார்ல்ஸுக்கு நிலத்தின் மேல் முழு உரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே ஊருக்குள் வீடு கட்டிக் குடிபுகுந்தார். சில ஆண்டுகளில் நிலத்தையும் விற்றுவிட்டார். தச்சுவேலை, கடை, காப்பீடு விற்பது என்று மீதி நாள்கள் கழிந்து, 1902 ஜூனில் 66 வயதில் இறந்தார். இருபது ஆண்டுக்கு மேல் ஐந்து மாநிலங்களில் தேடிய பட்டா, கைக்கு வந்தபின் அவரிடம் தங்கியது கொஞ்ச காலம். அவர் தோற்றுவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு பெண்களும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக, தங்கள் காலில் நிற்பவர்களாக வளர்ந்தார்கள். அந்த வெற்றி கரோலின் கேட்ட வெற்றி. சார்ல்ஸ் கேட்டது வேறு.

அடுத்த தலைமுறையிலும் இதே சுழல். லாரா 1885இல் அல்மான்சோவை மணந்தார். ஆலங்கட்டி மழை, வறட்சி, கடன். 1888இல் இருவருக்கும் தொண்டை அடைப்பான் (டிஃப்தீரியா) நோய், அதன்பின் அல்மான்சோவின் கால்கள் முன்போல் இயங்கவில்லை. 1889 ஆகஸ்டில் பெயர் வைக்கும் முன்பே மகன் இறந்தான், அதே மாதம் வீடு எரிந்தது. 1894இல் மிசூரியின் மான்ஸ்ஃபீல்டுக்குப் புறப்பட்டபோது அவர்கள் எழுத்துப் பெட்டியில் ஒரு 100 டாலர் நோட்டு இருந்தது. டி ஸ்மெட்டில் ஒரு தையற்காரரிடம் லாரா நாளொன்றுக்கு ஒரு டாலருக்குத் தைத்துச் சேர்த்த பணம் அது. அதுதான் அவர்களுடைய 40 ஏக்கர் பண்ணைக்கு முன்பணமாயிற்று. அதற்குப் பிறகும் ஊருக்குள் குடியிருந்து, ரயில்வே ஆள்களுக்குச் சமைத்துப் போட்டு, வண்டியோட்டிச் சம்பாதித்துத்தான் பண்ணையைப் பெருக்கினார்கள். பின்னர் லாரா பல ஆண்டுகள் மத்திய அரசின் விவசாயக் கடன் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குச் செயலராக, பொருளாளராக இருந்து அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் கடன் வாங்கிக் கொடுத்தார். நாவல்களால் வந்த பணம்தான் கடைசியில் அவர்களுக்கு நிம்மதி தந்தது.

நாவல்களைத் திருத்தி ஒழுங்குசெய்ததில் மகள் ரோஸ் வைல்டர் லேனுக்குப் பெரும் பங்கு உண்டு. அரசு யாருக்கும் எதுவும் செய்யக் கூடாது என்ற அரசியலின் முன்னோடிகளில் ஒருவராக அறியப்படுபவர் ரோஸ். 1930களின் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களை அம்மா மகள் இருவருமே வெறுத்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் நாவல்களில் பெரும்பாலானவை எழுதப்பட்டன. இந்தக் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தது அரசு. அந்த நிலத்தைப் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது அரசின் படை. மேரியைப் படிக்க வைத்தது அரசு. வெட்டுக்கிளி ஆண்டில் மாவு கொடுத்ததும் அரசு. இத்தனையும் தெரிந்த லாரா எப்படித் தன் அப்பாவை யார் தயவும் வேண்டாத மனிதராக எழுதினார்? பொய் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்க மாட்டார். தன் அப்பா அப்படி இருக்க எவ்வளவு விரும்பினார் என்பது அவருக்குத் தெரியும். அந்த விருப்பத்தையே வாழ்க்கையாக எழுதினார். அந்த நாவல்களின் அழகும் அவற்றின் ஆபத்தும் அங்கேயே இருக்கின்றன. அந்த விருப்பத்தை வரலாறு என்று நம்பி வளர்ந்த பல தலைமுறைகள், இன்னொருவர் மாவுக்குக் கை நீட்டும்போது முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டன.

அக்காக்கள் அளவுக்கு யாரும் பேசாத கேரியின் கதை ஒன்று உண்டு. ஓசேஜ் நிலத்தில் பிறந்த அந்தக் குழந்தை வளர்ந்து, டி ஸ்மெட் செய்தித்தாள் ஒன்றில் அச்சுக் கோத்துப் பிழைத்தார். அப்பா பட்ட பாடெல்லாம் பார்த்த பிறகும், 1907இல், மணமாகாத பெண்ணாக, தெற்கு டகோட்டாவின் மேற்கில் டாப் பார் என்ற இடத்துக்குப் பக்கத்தில் தன் பெயரில் ஹோம்ஸ்டெட் நிலத்துக்கு மனுப் போட்டு, தார்த்தாள் ஒட்டிய கொட்டகையில் குடியிருந்தார். மிசூரி ஆற்றுக்கு மேற்கே உள்ள அந்த நிலப்பரப்பு 1889இல் சூ பூர்வகுடி மக்களின் பெரும் ஒதுக்கீட்டை உடைத்த பிறகு குடியேறிகளுக்குத் திறக்கப்பட்டது. கேரியின் வருமானம் அந்த நிலத்திலிருந்து வரவில்லை. பட்டா கேட்கும் ஒவ்வொருவரும் தான் நிபந்தனைகளை நிறைவேற்றிவிட்டதாகச் செய்தித்தாளில் கட்டணம் கட்டி அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது சட்டம். அந்த அறிவிப்புகளுக்காகவே எல்லைப்புற ஊர்களில் சிறுசிறு வாரத்தாள்கள் முளைத்தன. அப்படிப் பல தாள்களை நடத்திய ஒரு முதலாளியிடம் கேரி வேலைக்கு இருந்தார். ஊர் ஊராகப் போய்த் தாள்களைக் கவனித்துக்கொண்டார். குடியேறிகள் ஒவ்வொருவராக வந்து கட்டிய அறிவிப்புக் காசுதான் அவருக்குச் சம்பளமாக வந்தது.